எட்டு ஒன்பதும் ஒரு மீசையும்

காரிமங்கலம் பேருந்து நிலையத்திலிருந்து தருமபுரிக்குக் காலை எட்டு பத்துக்கு ஒரு பஸ், எட்டு பதினாலுக்கு ஒரு பஸ். இரண்டும் தனியார் வண்டிகள். எட்டு பத்து வண்டியின் பெயர் காவியா. அது அதன் முதலாளியின் மகள் பெயர். எட்டு பதினாலு வண்டி பூவிழி. அது அந்த வண்டி முதலாளியின் மகள் பெயர். அந்தப் பெண்கள் இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். வண்டிகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் கறுப்பாய்ப் புகை கக்கும்.

பூவிழியின் கண்டக்டர் வீரமணி. அவனைப் பற்றிச் சொல்வதற்குமுன் அவன் மீசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், எங்கே போனாலும் அதுதான் முதலில் போய்ச் சேரும். அவன் படியில் நின்றால் மீசையின் ஒரு முனை தருமபுரியையும் மறுமுனை கிருஷ்ணகிரியையும் பார்க்கும். கூட்ட நேரத்தில் ஒரு பெரியவர் கம்பி என்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டே பெரியாம்பட்டி வரை போனதாகப் பேச்சு.

காவியாவின் கண்டக்டர் முனியப்பன். அவனுக்கு மீசை கிடையாது. அதற்கும் சேர்த்து வாய் உண்டு.

சண்டை, இடையிலுள்ள நாலு நிமிடத்துக்காக. காவியா எட்டு பத்துக்கு ஒழுங்காகக் கிளம்பினால் அந்த நாலு நிமிடத்தில் சேருகிற கூட்டம் பூவிழிக்கு. கிளம்பாமல் எட்டு பதிமூன்றுவரை உறுமிக்கொண்டே நின்றால் பூவிழிக்கு மிஞ்சுவது கோழிக்கூடையோடு ஒருவரும், எந்த வண்டி என்று தெரியாமல் ஏறித் தூங்குகிற ஒருவரும்தான்.

நேரத்துக்கு அதிகாரி, டைம் கீப்பர் மாது. அவர் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. பயணிகள் பதறி ஓடி வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் அதைக் கொஞ்சம் ஃபாஸ்ட்டாக வைத்திருந்தார்கள். எவ்வளவு ஃபாஸ்ட் என்பதில்தான் தகராறு. ஐந்து நிமிடம் என்பது வீரமணியின் கட்சி, எட்டு நிமிடம் என்பது முனியப்பனின் கட்சி. கைபேசியைப் பார்க்கலாமே என்றால், ஒருவன் கைபேசியை மற்றவன் நம்புவதில்லை. நம்பாததும் நியாயம்தான். இருவருமே தங்கள் வசதிக்கு நேரத்தைக் கையால் திருகி வைத்திருந்தார்கள். மூன்று வருடமாக, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு விடாமல், அந்த மூன்று நிமிட வித்தியாசத்துக்காக இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

ஒரு சந்தை நாளில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து முனியப்பன் சொன்னான்: “ஒனக்கு எதுக்குய்யா கடியாரம்? மூஞ்சில ரெண்டு முள்ளு வெச்சிருக்கியே, அதப் பாத்து வண்டிய எடு.”

பேருந்து நிலையமே சிரித்தது. தேங்காய் மூட்டைகள்கூடக் குலுங்கின. வீரமணிக்கு மீசை நுனிவரை ரத்தம் ஏறியது.

“யாரும் திருக முடியாத கடியாரத்த நானே செஞ்சு இங்க மாட்டறேன்” என்றான். “அது ஒரு நிமிஷம் தப்பினாலும் இந்த ரெண்டு முள்ளையும் இங்கயே ஒக்காந்து வழிச்சுக்கறேன்.”

மாது அதை உடனே நோட்டில் எழுதிக்கொண்டார். மெஷின் வந்துவிட்டால் இரண்டு வண்டிக்கும் அது சொல்வதே சட்டம் என்றும் சேர்த்து எழுதினார். காலையில் தன்னிடம் யாரும் வந்து கத்தக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

பத்தாவது பரீட்சையில் கணக்கைக் கண்டு பின்வாசல் வழியாக ஓடியவன் வீரமணி. ஆனால் வன்மத்தைப் போல ஒரு வாத்தியார் கிடையாது. தருமபுரியில் வண்டி நிற்கிற நாற்பது நிமிடத்தில், கடைசி சீட்டில் படுத்துக்கொண்டு, ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ப் பலகையைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினான். கூரியரில் அந்த நீலப் பலகை வந்தது. நேரம் எண்ணுகிற ஆர்.டி.சி. மாட்யூல் தீப்பெட்டி அளவில் வந்தது. அதன் முதுகில் வட்டமான பட்டன் பேட்டரி. கரண்ட் போனாலும் அதை வைத்து உள்ளுக்குள்ளே எண்ணிக்கொண்டே இருக்கும். “ஊரே இருட்டானாலும் இது மறக்காதுங்க” என்று ஏறுகிற ஒவ்வொருவரிடமும் டிக்கெட்டோடு சேர்த்துச் சொன்னான். சிவப்பாய் எரிகிற நாலு எண்கள், பழைய இரும்புக் கடையில் பிடித்த ஒரு சைரன், அதைத் தட்டிவிட ஒரு ரிலே. எட்டு பத்துக்கு ஒரு முறை, எட்டு பதினாலுக்கு ஒரு முறை, முழுசாக ஒரு நிமிடம் அலற வேண்டும்.

புரோகிராம் எழுத லேப்டாப் வேண்டும். அது பேருந்து நிலையத்துக்குள் சுமலதாவின் மொபைல் கடையில் இருந்தது. ஒன்பது வருடமாக இந்த இரண்டு வண்டிகளின் ஹாரனைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர் சொல்லும் பாஸ்வேர்டைக்கூடக் காதில் வாங்க முடியாதவள் அவள். சண்டை ஓயும் என்றால் லேப்டாப் என்ன, கடையையே தருவதாகச் சொன்னாள்; ஓயாவிட்டால் அந்த மெஷினை அவன் தலையில் போட்டு உடைப்பதாகவும் சொன்னாள்.

திறப்பு விழாவை எல்லோருக்கும் முன்னால் வைத்தான் வீரமணி. லேப்டாப்பை மாதுவின் மேசைக்கே கொண்டு வந்து, எட்டு ஒன்பதுக்குச் சரியாகப் புரோகிராமை ஏற்றினான். வீடியோவில் பார்த்து எழுதிய ஒரு வரி, கம்ப்யூட்டரின் நேரத்தை எடுத்து ஆர்.டி.சி.க்கு ஊட்டியது. அறை முகப்பில் எண்கள் சிவந்தன. எட்டு பத்து ஆனதும் சைரன் அலறியதில் தொப்பூர் மலைப்பாதையில் லாரிகள் ஓரங்கட்டியதாகச் சொல்கிறார்கள். காவியாவின் டிரைவர் பூவரசன் அலறியடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறிய முனியப்பனைப் பார்த்து வீரமணி மீசையை முறுக்கினான். இரண்டு நாள் பூவிழியில் நிற்க இடமில்லை.

மூன்றாம் நாள் எட்டு ஒன்பது முடியப் போகிற நேரத்தில் கரண்ட் ஒரு கண்சிமிட்டுச் சிமிட்டியது. எண்கள் அணைந்து மீண்டும் எரிந்தன. யாரும் கவனிக்கவில்லை. அந்த மெஷினைப் பச்சையாகத் தின்றுவிடுவது போல முறைத்துக்கொண்டிருந்த முனியப்பன் மட்டும் கவனித்தான். எட்டு ஒன்பது என்ற அந்த ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் நீண்டது. அவன் பார்வை எண்களிலிருந்து கம்பிக்கு இறங்கி, கம்பியோடு சுவரைச் சுற்றிப் போய், அறைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் நின்றது. முதல்முறையாக மெஷினைப் பாசத்தோடு பார்த்தான்.

நாலாம் நாள் அவன் பின்பக்கம் ஒதுங்கினான். எட்டு ஒன்பது வந்ததும் பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். மறுபடி எட்டு ஒன்பது. ஐம்பது எண்ணினான், பிடுங்கினான், செருகினான். மறுபடி எட்டு ஒன்பது. அன்று அந்த ஒரு நிமிடம் பத்து நிமிடம் நீண்டது. ஐந்தாம் நாள் இன்னொரு பத்து. காவியா கர்ப்பிணி மாதிரி நிரம்பியது. சுமலதாவின் கைபேசியில் எட்டு முப்பத்தொன்று, சுவரில் எட்டு ஒன்பது. பூவிழிக்கு எட்டு பதினாலு என்பது வரவே இல்லை.

வீரமணி கொதித்துப்போய்க் காவியாவின் படியை மறித்தான். முனியப்பன் அவசரமே படாமல் பாக்கெட்டிலிருந்து பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“மெஷின் சொல்றதுதான் சட்டம். ஒன் சட்டம்யா இது. இல்ல, மெஷின் தப்புன்னு சொல்றியா? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லிடு. சலூன் ஆண்டிய இப்பவே கூப்புடறேன்.”

வீரமணி வாயைத் திறந்தான். மாது நோட்டைத் திறந்தார். வீரமணி வாயை மூடிக்கொண்டான். பேசினால் மீசை போகும், பேசாவிட்டால் கூட்டம் போகும். அன்று அவன் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் பாதி, ஓரம் பற்களால் கிழிபட்டது போல இருந்தது.

சாயங்காலம் தூசி தட்டுவதாகச் சொல்லி மெஷினைக் கழற்றி சுமலதாவின் கடைக்குக் கொண்டு போனான். அவள் லேப்டாப்பில் வரி வரியாக இறங்கிப் பார்த்தாள்.

“இந்த லைன எங்க வெச்சிருக்கீங்க பாருங்கண்ணா. எந்திரிச்ச ஒடனே செய்யற வேலைல வெச்சிருக்கீங்க. நீங்க புரோகிராம் ஏத்தினது எட்டு ஒம்போதுக்கு. ஒவ்வொருவாட்டி கரண்ட் வந்து எந்திரிக்கும்போதும் அந்த எட்டு ஒம்போதயே ஊட்டுது. பேட்டரி உள்ள ஒழுங்காத்தான் எண்ணுது, நீங்கதான் அது மண்டைல தட்டி மறக்க வெக்கறீங்க.”

வீரமணி அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு அதன் வாயை அடைத்து, அப்படியே ஏற்றப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். இப்போது உள்ளே இருப்பதே தப்பு நேரம்; வரியோடு ஒரு தடவை ஏற்றிச் சரியான நேரத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு வரியை அடைத்து இன்னொரு தடவை ஏற்ற வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் அண்ணனுக்கு மீசை மட்டுமில்லை, மூளையும் மழித்தது போலத்தான் என்றாள். அதோடு விடவில்லை. மூன்று நாளில் இத்தனை தடவை கரண்ட் போனது பிளக்கிலா, இல்லை பிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளிடமா என்றும் கேட்டாள்.

வீரமணிக்குப் புரிந்தது. பிளக்குக்குக் காவல் போட வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தான்.

மறுநாள் சந்தை. எட்டு மணிக்கெல்லாம் பேருந்து நிலையத்தில் எள் போட இடமில்லை. மெஷின் சரியான நேரம் காட்டுவதைப் பார்த்த முனியப்பன் கவலையே படவில்லை. ஒரு பிடுங்கலில் அது மீண்டும் தன் சொல்லைக் கேட்கும். அப்போது வீரமணி ஒரு ஸ்டூலைக் கூட்டத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் சலூன்காரர் ஆண்டி, கையில் கிண்ணமும் பிரஷ்ஷுமாக, கடையில் இரண்டு ஆளைக் காத்திருக்க வைத்துவிட்டு வந்த எரிச்சலோடு நின்றார்.

“நொரை போடுங்க” என்றான் வீரமணி. “எட்டு பத்துக்கு அது கத்தலைன்னா வழிச்சுடுங்க.”

தேடி வந்த விருந்தை விடுவானா முனியப்பன்? சத்தமில்லாமல் பின்பக்கம் நழுவினான். எட்டு ஒன்பது பாதி ஓடியிருக்கும்போது எண்கள் அணைந்தன. கூட்டம் ‘உச்’ கொட்டியது. எண்கள் மீண்டும் எரிந்தன: எட்டு ஒன்பது.

கழுத்தில் துணி, மூக்குக்குக் கீழே நுரை. வீரமணி எண்களை உற்றுப் பார்த்தான். இது நிஜமான எட்டு ஒன்பதா, பழைய எட்டு ஒன்பதா? இரண்டாம் தடவை ஏற்றினோமா, ஏற்றியதாக நினைத்துக்கொண்டோமா? இரண்டு நாளாக எட்டு ஒன்பதைப் பார்த்துப் பழகிப்போன ஆண்டிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. முடிந்தது கதை என்று கத்தியை இடது பக்கம் வைத்தார்.

பின்னால் முனியப்பன் வழக்கம்போல ஐம்பது வரை எண்ணிக்கொண்டிருந்தான். ஆனால் மெஷின் அவனோடு சேர்ந்து ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. அது பாதியிலிருந்தே எண்ணிக்கொண்டு வந்தது. அவன் முப்பத்தொன்று என்றபோது சைரன் அலறியது.

ஆண்டியின் கை ஒரு முழம் துள்ளியது. கிருஷ்ணகிரியைப் பார்த்துக்கொண்டிருந்த பாதி மீசை நுரையோடு பறந்துபோய் மாதுவின் நோட்டில் விழுந்தது.

முனியப்பன் பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். அலறல் நின்றது. செருகினான். எட்டு பத்து, மறுபடி அலறல். அதற்குள் பூவரசன் கியரைப் போட்டுவிட்டான். சைரன் வராமல் நகர்ந்தால் தொலைத்துவிடுவேன், வந்தபிறகு நின்றாலும் தொலைத்துவிடுவேன் என்று அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவனே முனியப்பன்தான். காவியா கூட்டத்தோடு கிளம்பியது, கண்டக்டர் இல்லாமல். விசில் கேட்காததால் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை; உள்ளே இருந்தவர்கள் தகரத்தில் தட்டிய தட்டைப் பூவரசன் இன்ஜின் சத்தம் என்று எடுத்துக்கொண்டு நேராகத் தருமபுரியில்தான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

மாது நோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுமலதா கடை வாசலிலிருந்து நீட்டிய கைபேசியைப் பார்த்தார். “மெஷின் தப்பல. மிச்ச பாதிய யாரும் தொடக் கூடாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எட்டு பதினாலுக்கு அடுத்த அலறல். பூவிழி நகர்ந்தபோது முனியப்பன் ஓடி வந்து பின்படியில் தொங்கினான். வேறு வழியில்லை, அவன் பையும் டிக்கெட்டும் முன்னால் காவியாவில் போய்க்கொண்டிருந்தன.

“மீதிய எப்ப எடுக்கப் போற?” என்றான் மூச்சு வாங்க.

“படில நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க” என்றான் வீரமணி. “டிக்கெட் வாங்காதவங்க யாருங்க?”

தருமபுரி வரை அவன் முனியப்பனுக்கு வலது கன்னத்தை மட்டுமே காட்டிக்கொண்டு, அந்தப் பக்க நுனியை முறுக்கி முறுக்கி டிக்கெட் கொடுத்தான். முனியப்பன் இடது கன்னத்தைப் பார்த்தே தீருவதென்று கூட்டத்தில் முண்டி முண்டி இடம் மாறினான். அவன் மாற மாற இவன் திரும்பினான். நெரிசலில் சிக்கிய பயணிகள் இருவரையும் சேர்த்தே திட்டினார்கள்.