ஒரு பழம்கூட நசுங்கவில்லை

கோவர்த்தனன் பொய் பேசுகிறவர் அல்ல. அவர் சொல்லும் அளவுக்கு உண்மை வளர்ந்து வரக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். பங்காருபாளையம் மாங்காய் மண்டிகளுக்கு முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். ஒருமுறை நகரியில் அடித்த காற்றில் அவர் லாரி அப்படியே பறந்து போய் பிச்சாட்டூர் ஏரியில் இறங்கியது. உள்ளே இருந்த மீன்கள் எல்லாம் சேர்ந்து முட்டுக்கொடுத்துக் கரைக்குத் தள்ளிவிட்டன. அன்றைக்கு அவசரத்தில் மீன்களுக்கு நன்றி சொல்லாமல் வந்துவிட்டேனே என்று எழுபத்திரண்டு வயதிலும் வருத்தப்படுவார்.

அவருடைய கதைகளுக்கெல்லாம் தலைப்பிள்ளை காஷ்மீர்க் கதை. 1986-இல் பங்கனப்பள்ளி மாம்பழ லோடு ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகர் போனபோது மலையில் பனி விழுந்து வழி அடைத்துக்கொண்டது. பழப்பெட்டியிலிருந்து இரண்டு பலகையைப் பிடுங்கிக் காலில் கட்டிக்கொண்டு, ஒரு பெட்டியைத் தலையில் வைத்து, ஏழு மைல் சறுக்கியே இறங்கினார். மறுபடி மேலே போய் அடுத்த பெட்டி. இப்படி நானூறு பெட்டி. மேலே எப்படிப் போனார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. "ஒரு பழங்கூட நசுங்கல" என்று முடித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் வேட்டியை உதறி எழுந்துவிடுவார்.

இந்தக் கதையை நம்பித்தான் சபீனா அந்த நவம்பர் மாதக் காலையில் அவர் தலையில் கல்லைப் போட்டாள்.

திருப்பதியில் பல்கலைக்கழக மைதானத்தைத் தினமும் சுற்றிவிட்டு, வாசலில் உள்ள இட்லிக் கடையில் நடந்ததைவிட அதிகமாகச் சாப்பிடும் ஐந்து பேர் அவர்கள். கோவர்த்தனன், அவர் மனைவி அம்சவேணி, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பக்கிரிசாமி, ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரியாக இருக்கும் ராணிப்பேட்டைக்காரி சபீனா, தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் பல் டாக்டர் சிரஞ்சீவி.

"சங்கராந்திக்கு எனக்கு ஒரு வாரம் லீவு. நானும் டாக்டரும் ஸ்கீயிங் கத்துக்கப் போறோம். நீங்க மூணு பேரும் வர்றீங்க. ஐஸ்ல உக்காந்து டீ குடிச்சாலே போதும்," என்றாள் சபீனா. "எந்த ஊருன்னு மட்டும் கோவர்த்தனன் அங்கிள் சொல்லணும். நம்ம கும்பல்ல பனியில சறுக்கினவரு அவரு ஒருத்தருதான்."

"பாபாய் இருக்கும்போது மனக்கு இன்னா பயம்?" என்று கோவர்த்தனனைக் கைகாட்டினார் சிரஞ்சீவி. "நான் விழுந்தா பல்லு போவும். அது நமக்குத் தெரிஞ்ச தொழில்தான்."

பக்கிரிசாமி சட்னியைத் தொட்டுக்கொண்டே, "ஏழு மைலு போனவரு, நம்ம பசங்களுக்கு ஏழு அடி சொல்லித்தர மாட்டாரா?" என்றார். அந்த மனிதர் சிரிக்கிறாரா இல்லையா என்பது மட்டும் யாருக்கும் பிடிபடாது. நாற்பது வருஷம் அடுத்தவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகம் மாறாமல் இருந்து பழகியவர்.

கோவர்த்தனன் அம்சவேணியைப் பார்த்தார். மீன் கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். காஷ்மீர்க் கதைக்கு மட்டும் சிரித்ததே இல்லை, தலையைக் குனிந்து அமைதியாகக் கேட்பாள். அந்த ஒரு கதையை அவள் நம்புகிறாள் என்பதுதான் அவருக்குப் பெருமை. அது போய்விட்டால் முப்பத்தொன்பது வருஷமாக அவள் கண்ணில் இருந்த ஆள் போய்விடுவான்.

"ஞாயித்துக்கிழம சொல்றேன்," என்றார்.

அந்த வாரம் முழுக்க மொட்டைமாடியில் நின்று மலையூர் ஓட்டல்களுக்குப் போன் போட்டார். லாரிக்காரர் இந்தி அவருக்கு இன்னும் மறக்கவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: ஜனவரியில் உங்கள் ஊரில் பனி இல்லாமல் இருக்குமா?

ஔலிக்காரர், "பயப்படாதீங்க சார், முழங்கால் வரைக்கும் வந்துரும்" என்று தேற்றினார். குல்மார்கில் இருந்தவர், "அல்லா இருக்கான், இடுப்பு வரைக்கும் கொடுப்பான்" என்றார். மனாலியில் ஒரு நல்ல மனுஷன் மட்டும் தயங்கித் தயங்கி, "மன்னிக்கணும் சார், சோலங் பள்ளத்தாக்குல சில வருஷம் ஜனவரியில வெறும் மண்ணுதான்" என்றார். கோவர்த்தனன் அவருடைய பிள்ளைகுட்டிகளை வாழ்த்திவிட்டுப் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இட்லிக் கடையில் தீர்ப்பைச் சொன்னார். "சோலங். நான் மூணு ஊரயும் அலசிட்டேன். ரோடு அருமையான ரோடு."

"ரோட்ல ஓட்டப் போறது காரு," என்றார் பக்கிரிசாமி. "இவங்க கேக்கறது ஐஸு."

"தங்கறது எங்க அங்கிள்?"

"மனாலில. காத்தால நீங்க ரெண்டு பேரும் வண்டியில மேல போயிடுங்க. நாங்க ஓட்டல்ல கம்பளி போத்திக்கினு கெடக்கறோம். சாயங்காலம் வந்து எப்படி உழுந்தீங்கன்னு சொல்லுங்க."

இத்தனை நேரம் பேசாமல் இருந்த அம்சவேணி வடையைத் தட்டில் வைத்தாள்.

"இந்தாய்யா, நம்ம புத்தூர் சனம் திருமலைக்கி வந்தது நெனப்பிருக்குதா? பாதி பேரு அலிபிரியில நடந்து ஏறனாங்க, பாதி பேரு பஸ்ஸுல. மேல எங்க சேரறதுன்னு யாரும் பேசிக்கல. புளிசோறு நடந்தவங்க கிட்ட, ஊறுகாவும் தண்ணியும் பஸ்ஸுக்காரங்க கிட்ட. சாயங்காலம் வரிக்கும் ஒருத்தர ஒருத்தர் தேடிக்கினே இருந்தாங்க. அன்னிக்கி சாமிய பாத்தவங்க ரெண்டே பேரு."

"அதுக்கும் இதுக்கும் இன்னாமே?"

"அதேதான் இது. சறுக்கறவங்க ரெண்டு பேரு, உக்காந்துக்கறவங்க மூணு பேரு. உழறவங்க உழற எடமும், பாக்கறவங்க பாக்கற எடமும் ஒண்ணா இருக்கணும். கக்கூஸ் கிட்டக்க இருக்கணும், அதுக்குப் படி ஏறக்கூடாது. என் முட்டிய வெச்சிக்கினு நான் எத்தினி ஓட்டலு ஜன்னலுதான் பாக்கறது? அது எந்த ஊருன்னு பாரு சபீனா."

சபீனா போனில் தேடத் தொடங்கினாள். ஔலியில் சரிவு நன்றாக இருந்தது, ஆனால் கீழே ஊரிலிருந்து ஏறும் ரோப்கார் ஓடவில்லை. சரிவு ஒரு ஊரில், ஓட்டல் ஒரு ஊரில் என்பதால் சோலங் தள்ளுபடி. மிச்சம் ஒன்றுதான். புதிதாகக் கற்கிறவர்களுக்குச் சரிவு அதிகமில்லாத மைதானம், ஓட்டல் கதவைத் திறந்தால் பனி, நடக்க முடியாதவர்களை உட்காரவைத்து இழுக்கும் மரச்சறுக்கு வண்டி, வேடிக்கை பார்க்க ரோப்கார்.

"குல்மார்க்!" என்றாள். "காஷ்மீர், அங்கிள். உங்க ஏரியா!"

கோவர்த்தனன் அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மதியம் வீட்டில் அம்சவேணி முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அம்சா. அந்தக் காஷ்மீர் விசயம்."

"இன்னா?"

"அதுல கொஞ்சம்..." தொண்டையைச் செருமினார். "ஏழு மைலு இருக்காது."

"சரி."

"பலகைய கால்ல கட்டனது கூட..."

"அந்தச் சட்டைய தொவச்சது யாருய்யா?" என்றாள் அவள், எண்ணெய்க் கையை நிறுத்தாமல்.

"எந்தச் சட்ட?"

"காஷ்மீர் லோடு போயி நீ திரும்பி வந்தப்ப போட்டுக்கினு இருந்த காக்கிச் சட்ட. எட்டுத் தண்ணியில அலசனேன். அழுவுன மாங்கா நாத்தம் போவல. நீ என்னாடான்னா கூடத்துல உக்காந்துக்கினு ஒரு பழங்கூட நசுங்கலைன்னு சொல்ற."

கோவர்த்தனன் நடந்ததை நடந்த மாதிரியே சொன்னார். அவர் ஆயுளில் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம்.

பழக்கம் இல்லாததால் சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஜம்முவைத் தாண்டி மலைச்சரிவு விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. லாரிகள் மைல் கணக்கில் நின்றன. பதினொரு நாள். நாலாம் நாளே பழம் அழுகத் தொடங்கியது. எட்டாம் நாள் அவ்வளவையும் தன் கையாலேயே பள்ளத்தில் கொட்டினார். ஸ்ரீநகரையும் பார்க்கவில்லை, பனியையும் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் மண்டியில் எல்லார் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

"ஊட்டுக்கு வந்தா நீ அழுதுக்கினு நின்ன. இத்தினி நாளு தகவலே இல்லையேன்னு. இன்னா சொல்றதுன்னு தெரியல. வாய்க்கு வந்தத சொன்னேன்."

"மூணு நாளா சோறு துன்னாத ஆளு, அந்தக் கதைய சொல்லிக்கினே ரெண்டு தட்டு துன்ன," என்றாள் அம்சவேணி. "நான் பொய்யக் கேக்கல. நீ துன்றதத்தான் பாத்துக்கினு இருந்தேன். அதுக்கப்பறம் நீ எப்ப அத சொன்னாலும் எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணுல வரும். எப்படிச் சிரிக்கறது?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீயும் அந்த எடத்த பாக்கல, நானும் பாக்கல. சேந்து போயி பாக்கலாம். போயி அந்தத் தைல பாட்டில எடு."

ஜனவரியில் போனார்கள். மலையேறும் வண்டியின் சக்கரத்தில் டிரைவர் சங்கிலி மாட்டுவதைக் கோவர்த்தனன் இறங்கி நின்று முழுக்கப் பார்த்தார். "இது மட்டும் அன்னிக்கி இருந்திருந்தா," என்று ஆரம்பித்தவர், அம்சவேணி திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

குல்மார்கில் வானத்துக்கும் தரைக்கும் நடுவே கோடு இல்லை. அத்தனை வெள்ளையை ஒரே இடத்தில் பார்த்த கோவர்த்தனனுக்குக் கதை எதுவும் தோன்றவில்லை. கூட்டிச் சொல்ல அங்கே இடமே இல்லை.

பயிற்சியாளர் சபீனாவுக்கும் சிரஞ்சீவிக்கும் காலில் பலகை மாட்டினார். அவர்கள் நிற்பதற்குள் விழுந்தார்கள், எழுவதற்குள்ளும் விழுந்தார்கள். விழுந்த இடத்திலிருந்தே சபீனா கையை ஆட்டினாள். "அங்கிள்! வந்து ஒருதரம் சறுக்கிக் காட்டுங்க! சார்கிட்ட நீங்க உஸ்தாதுன்னு சொல்லிட்டேன்!"

பயிற்சியாளர் மரியாதையோடு இன்னொரு ஜோடிப் பலகையைக் கொண்டுவந்து கோவர்த்தனன் காலடியில் வைத்தார். கோவர்த்தனன் பலகையைப் பார்த்தார். பலகையும் அவரைப் பார்த்தது.

"அவுர உடும்மா," என்று குரல் வந்தது. பக்கிரிசாமி, மூன்று ஸ்வெட்டர்களுக்குள்ளிருந்து. "என் பிளாஸ்க்க புடிக்க ஆளு வேணும். கை வெறைக்குது. உஸ்தாதுக்கு அந்த வேலதான் இன்னிக்கி."

பிளாஸ்கை வாங்கும்போது கோவர்த்தனன் மெல்லக் கேட்டார். "ஒனக்கும் தெரியுமா?"

"எங்க ஊருலயும் மாந்தோப்பு இருக்குதுய்யா. பங்கனப்பள்ளி எந்த மாசம்? வைகாசி, ஆனி. ஆனி மாசத்துல ஸ்ரீநகரு ரோட்ல ஏதுய்யா ஐஸு?" பக்கிரிசாமியின் முகம் மாறவில்லை. "பதினஞ்சு வருசமா தெரியும். கேட்டுப்புட்டா நீ நிறுத்திடுவ. அப்பறம் அந்த இட்லிக் கடையில இன்னா இருக்குது எனக்கு?"

கோவர்த்தனன் மூடியில் காபியை ஊற்றி முதலில் அவருக்குக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் அம்சவேணி மரச்சறுக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. "நீயும் வா. தனியா போனா பயமா கீது," என்றாள். அவர் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கயிற்றைப் பிடித்து இழுத்தவர் சின்ன மேடு ஒன்றின் உச்சிக்குப் போனதும் மூச்சு வாங்க நின்றார். கயிறு கை நழுவியது.

வண்டி புறப்பட்டது. அம்சவேணி "கோவிந்தா!" என்று கத்தினாள். கோவர்த்தனன் கத்தவும் மறந்தார். பனி முகத்தில் அடித்தது, மேல்துண்டு பறந்தது, காது அடைத்தது. வண்டி பக்கிரிசாமியின் காலடியில் வந்து தானாக நின்றது. மொத்தம் இருபது அடி. கோவர்த்தனனின் கணக்கில்கூட இருபத்திரண்டுக்கு மேல் வரவில்லை.

அம்சவேணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் பதறி, "அம்சா, முட்டி இன்னா ஆச்சி?" என்றார். அவள் மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே மாம்பழத் தாண்ட்ரா. போன கோடையில் பங்கனப்பள்ளிச் சாற்றை ஓலைப்பாயில் ஊற்றி, வெயிலில் படலம் படலமாகக் காயவைத்து, அவள் கையாலேயே வெட்டி அடுக்கியது. திருப்பதியிலிருந்து மடியிலேயே கொண்டுவந்திருக்கிறாள்.

ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தியா," என்றாள். "ஒரு பழங்கூட நசுங்கல."

அப்புறம் சிரித்தாள். மீன் கதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. கோவர்த்தனன் தாண்ட்ராவை வாயில் போட்டுக்கொண்டார். ஏழு மைலை ஒரே மூச்சில் தள்ளின வாய்க்கு ஒரு சின்ன சொல் வரமாட்டேன் என்றது.

"அன்னிக்கி அந்த மீனுங்களுக்கு ஒண்ணு சொல்லாம வந்துட்டேன் பாரு," என்றார் கடைசியில்.

"ஆமா."

"அத ஒனக்காவது சொல்லிடறேன்."

"சொல்லிட்ட. எழுந்திரு, ஒக்கார்ற எடம் ஈரமாவுது," என்றாள் அவள். ஆனால் அவர் கையை விடவில்லை.

சாயங்காலம் ஓட்டலின் கணப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சபீனா ஒன்பது தடவை விழுந்திருந்தாள், சிரஞ்சீவி எண்ணுவதை விட்டுவிட்டார், பல் அத்தனையும் பத்திரம். டீ கொண்டுவந்த சமையல்காரர், பெரியவர் இதற்கு முன் காஷ்மீர் வந்ததுண்டா என்று கேட்டார். பக்கிரிசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோவர்த்தனன் தொண்டையைச் செருமி, லாரிக்காரர் இந்தியில் தொடங்கினார். பங்கனப்பள்ளி மாம்பழம், பெரிய மலை, இடுப்பளவு பனி. ஆனால் இந்தமுறை கதையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"முன்னால உக்காந்து ஓட்டினது இவங்கதான்," என்று கையைக் காட்டினார். "நான் பின்னால சும்மா புடிச்சிக்கினு இருந்தேன். ஏழு மைல்."

சமையல்காரர் வியப்போடு அம்சவேணியைப் பார்த்தார். அவளுக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தக் கதையில் எண் எங்கே வரும் என்பது அவளுக்குத் தெரியும். டீயை ஊதிக்கொண்டே, முகம் மாறாமல், எட்டு விரலை விரித்துக் காட்டினாள்.