நீர் மாத்திரை

"நாடி சீரா இல்லம்மா," என்றார் டாக்டர். "ரெண்டு அடி மெதுவா, நாலு அடி அவசரமா, நடுவுல ஒண்ணு காணவே காணோம். இதயத்தோட மேலறை ஒழுங்கா துடிக்காம நடுங்கிட்டு இருக்குது. அதான் படபடப்பு, மூச்சு வாங்குறது, கால் வீக்கம் எல்லாம்."

மரக்காணம் உப்பளத்து வரப்பில் மயங்கி விழுந்த தெய்வநாயகியை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிரஷர் உண்டா, தைராய்டு உண்டா, சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். மூட்டு வீங்கியது உண்டு.

"வெயில்ல வேலை. தண்ணி குடிப்பீங்கல்ல?"

"குடிப்பேன் சார்."

பொய். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செடி கிடையாது அங்கே. உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினால் அந்தப் பக்கமும் ஆண்கள். பொழுது சாயும்வரை தொண்டையை நனைக்காமல் இருக்க, பெண்கள் யாரும் சொல்லித்தராமலே பழகியிருந்தார்கள்.

"உடம்புல தேங்கின நீர் வெளியேறணும். மாத்திரை தர்றேன். கட்டில விட்டு இறங்காதீங்க, நடந்தா நாடி எகிறும். மருமக பெட்பேன் வெப்பாங்க. எவ்ளோ போச்சுன்னு அளந்து சிஸ்டர்கிட்ட சொல்லணும்."

மருமகள் கலைமதி தை மாதம்தான் வீட்டுக்கு வந்தவள். அந்தப் பெண் முன்னால் தெய்வநாயகி இதுவரை புடவைகூட மாற்றியதில்லை. அவள் தன் இடுப்பைத் தூக்கி, அடியில் பாத்திரம் வைத்து, பிறகு அதைச் சுமந்துகொண்டு வார்டு முழுக்க நடப்பாள் என்று நினைத்தபோதே உடம்பு கூசியது. மற்ற மாத்திரைகளை விழுங்கினாள். நீர் மாத்திரையை மட்டும் நாக்கடியில் ஒதுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த வேளையும் அப்படியே.

மறுநாள் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே மூச்சை இழுத்தாள்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நீரே பிரியலையே. கிட்னியா இருக்குமோ? பாண்டிச்சேரிக்கு அனுப்பிடலாம்."

சிஸ்டர் கலைமதியின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, மாத்திரைய குடுத்தியா, செல்போன நோண்டிட்டு இருந்தியா?"

"குடுத்தேன் சிஸ்டர். என் கையாலதான்..." அவள் மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, நீங்க சொல்லுங்களேன்."

தெய்வநாயகி மின்விசிறியைப் பார்த்தாள். இப்போதுகூடச் சும்மா இருந்துவிடலாம். பழி அந்தப் பெண்மேல் போகும், தன் மானம் மிஞ்சும். அப்படி ஒரு கணக்குத் தன்னுள் ஓடியதைக் கண்டதும், பெட்பேனை நினைத்தபோது வந்த கூச்சம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கரைந்து, நூல் ஒட்டிய இரண்டு மாத்திரைகள்.

"அவ மேல தப்பில்ல சார்."

"ஏம்மா இப்படி?"

தெய்வநாயகியின் பார்வை கட்டிலடியில் இருந்த பெட்பேனுக்குப் போய் மீண்டது. சிஸ்டருக்குப் புரிந்தது. "நீங்க அந்தப் பக்கம் போங்க சார். ஊசியாவே போட்டுடறேன். அத எங்க முடிஞ்சு வெப்பாங்கன்னு பாக்கலாம்."

ஊசி இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அடிவயிறு முட்டியது.

"கலை..." என்று கட்டிலடியைக் கை காட்டினாள்.

கலைமதி போர்வையை இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே பெட்பேனை வைத்தாள். எடுத்துக்கொண்டு போனவள், வார்டின் மறுகோடியிலிருந்து பரீட்சை மார்க் வந்ததுபோலக் கூவினாள்:

"சிஸ்டர்! அத்தைக்கு நானூறு வந்திருக்குது!"

"பாஸாயிட்டாங்க போ," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

தெய்வநாயகி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.