கஞ்சியில் சிவக்காத மாத்திரை

ஒரகடம் தொழிலாளர் விடுதியில் மூன்று வாரமாகச் சோற்றில் ஆஸ்பத்திரி வாடை. அறுபது பேர் சாப்பிடும் இடத்தில் பாதிச் சோறு குப்பைக்குப் போயிற்று. தரை துடைக்கிற ஃபினாயில் கையோடு பாத்திரத்தைத் தொடுகிறாள் என்று சமையல்காரி அம்சவல்லியின் மேல் பழி விழுந்தது. "ஞாயித்துக்கிழமையோட நின்னுக்க, வேற ஆள் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார் வார்டன் ராஜசேகர்.

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. கம்பெனியில் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் வேதியியல் படிக்கும் ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டு, "கொழாத் தண்ணில எதனா கோளாறு கீதான்னு பாத்து எழுதிக் குடு" என்றார்.

நயினார் எதையும் மூன்று முறை பார்க்கிறவன். அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிறவன். குளோரின் இருந்தால் சிவக்கிற மாத்திரையைக் கொண்டுவந்தான். குழாய்த் தண்ணீர் பளிச்சென்று சிவந்தது. வடித்த கஞ்சி வெள்ளையாகவே கிடந்தது. மூன்று முறையும் அப்படியே. 'உணவில் குளோரின் இல்லை. வாடைக்குத் தண்ணீர் காரணமல்ல' என்று எழுதிக் கொடுத்தான்.

ராஜசேகர் தாளை அம்சவல்லியிடம் நீட்டினார். "பாத்தியா? தண்ணி மேல தப்பில்ல. ஃபினாயிலுதான்."

அம்சவல்லி கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா தம்பி, வெந்த சோத்துல அரிசியைத் தேடுனா கெடைக்குமா? அது சோறா மாறிடுச்சுல்ல? உன் குளோரினும் அதே மாதிரி வேற இன்னாவாவோ மாறிகினு இருந்தா?"

நயினார் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வேதிவினையில் ஈடுபட்ட பொருள் தீர்ந்து வேறொன்றாகிவிடும் என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன் அவன்.

"ஏல, வாத்தியார் மாத்திரை குடுத்தாரு, புத்தியைக் குடுக்க மறந்துட்டாரோ?" என்றான் தட்டோடு நின்ற அறைத்தோழன் இசக்கி.

"நீ சும்மா இருல. யக்கா, எப்பிடிக் கண்டுபிடிச்சிய?"

"மூக்காலதான். மாடித் தொட்டில பிளீச்சிங் பவுடர் கொட்டுற அன்னிக்கு வாடை தூக்கும். அயோடின் போட்ட பாக்கெட் உப்பை உலைல போட்டா இன்னும் தூக்கும், கல்லுப்புக்கு அவ்ளோ இல்ல. அரிசியை மாத்திப் பாத்தேன். பானையை மாத்திப் பாத்தேன், வாடை போவல. ஒவ்வொரு நாளும் ஒண்ணே ஒண்ணுதான். எல்லாத்தையும் சேத்து மாத்துனா எதால போச்சுன்னு எப்டித் தெரியும்?"

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் ராஜசேகர்.

"எங்க சொல்ல வுட்டீங்க? ஃபினாயிலு ஃபினாயிலுன்னு கத்திகினே இருந்தீங்க."

அன்று சாயங்காலமே ஓர் அண்டாவில் தண்ணீர் பிடித்து, "ராவெல்லாம் காத்தாடுனா பிளீச்சிங் வாடை போயிடும்" என்று மெல்லிய துணி கட்டி வைத்தாள் அம்சவல்லி. மறுநாள் காலை அதில் நயினாரின் மாத்திரை சிவக்கவில்லை. இரண்டு பானைகளை எடுத்து ராஜசேகரே கழுவினார். ஒரே அரிசி, ஒரே பாக்கெட் உப்பு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அண்டாத் தண்ணீர்.

முதல் மூடியைத் திறந்ததும் இசக்கி மூக்கைப் பொத்தினான். இரண்டாவதில் சோற்று மணம் மட்டும்தான்.

நயினார் பழைய தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினான். 'குளோரின் உலையில் வேறு பொருளாக மாறுகிறது. என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் கேட்க வேண்டும். சோதனை செய்தவர்: அம்சவல்லி.'

"எம்பேரு எதுக்குபா?"

"நீங்கதான யக்கா செஞ்சிய."

ராஜசேகர் அதைப் படித்து மடித்துப் பையில் வைத்தார். இரண்டாவது பானையிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றார்.

"அம்சா, ஞாயித்துக்கிழமைக்குக் கோழி எடுத்தாறேன். சனிக்கிழமையே அண்டாவ ரொப்பி வெச்சிடு."