நாங்கள் புறப்படுகிறோம்

பயண அறிவிப்பை எழுதுவது ஒவ்வோர் ஆண்டும் என் பொறுப்பு. என் தம்பியிடம் விட்டால், ‘வெள்ளி காலைல கெளம்பறம் லேட் பண்ணாம வரவும்’ என்று எழுதி, முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் சிரிக்கும் பொம்மை ஒன்றை ஒட்டி அனுப்பிவிடுவான். முப்பத்தாறு ஆண்டுகள் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திய ஒருவனின் குடும்பத்திலிருந்து அத்தகைய வாக்கியம் வெளியே போவதை நான் அனுமதித்ததில்லை. ஆகவே, இந்த ஆண்டும் நானே எழுதினேன்.

சென்ற ஆண்டு நாங்கள் எங்கும் போகவில்லை. என் இளைய மகள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வயிற்றில் கட்டி, அறுவைச் சிகிச்சை, அந்த மேசையிலிருந்து அவள் மீளவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர், எட்டு வயது மகளோடு தனியாக இருக்கிறார்.

“இந்தத் தடவை அவர் வரலேன்னா இனிமே எதுக்குமே வர மாட்டாருங்க. அவர் வராத வீட்டுக்குப் பேத்தி மட்டும் எத்தனை நாள் வருவா?” என்று என் மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார். கடற்கரைக்குப் பத்து மணி நேரப் பயணம். பதினாறு பேர், பதினைந்து இருக்கைகள், ஒரே வண்டி. இரண்டு வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால் என் மனைவி அவரிடம் இரண்டு நாள் பேசமாட்டாள். யாருடைய மடியில் யார் உட்காருவது என்ற சண்டை முடிந்து, வண்டி நகரத்தின் கடைசிப் பாலத்தைத் தாண்டியதும், வழக்கமான கூச்சல் தொடங்கியது. ஓட்டியவர் என் மூத்த மாப்பிள்ளை. லாரிக்கும் வழிவிடுவார், சைக்கிளுக்கும் வழிவிடுவார்.

“இந்த வேகத்துல போனா, கடல் வர்றதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாண வயசு வந்துரும்” என்றான் என் தம்பி. அவன் குரலின் அளவைக் கருதிக் குழந்தைகள் அவனுக்கு ‘ஹாரன் தாத்தா’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

“வரட்டுமே சின்ன மாமா. மாப்பிள்ளையையும் வழியிலேயே ஏத்திக்கலாம்” என்றார் ஓட்டியவர்.

“எங்க உட்கார வைப்பீங்க? ஏற்கெனவே என் ஒரு கால் மேல மூணு பேர் இருக்கீங்க.”

“அத்தை, அவன் முந்தறான் பாருங்க, அந்த முட்டை லாரிக்காரன்!” என்று யாரோ கத்தினார்கள்.

“முந்தட்டும். அவன் உடைஞ்சா முட்டையோட போச்சு. நாம அப்படியா?” என்றாள் என் மனைவி.

வண்டியே குலுங்கியது. கடைசி வரிசையில் இருந்த இளைய மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால், அவரை நோக்கி எவரும் ஒரு கேலியை வீசவில்லை. முன்பெல்லாம் அதிகமாக அடிபடுகிறவர் அவர்தாம். அவர் பாடத் தொடங்கினாலே, லிஃப்ட் பாதி மாடியில் நின்றுவிட்டது என்று தம்பி அலறுவான். இன்றோ, “ஜன்னல் ஓரம் வேணுமா மாப்பிள்ளை?”, “காத்து அதிகமா இருக்கா மாப்பிள்ளை?” என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். அவித்த முட்டையும் ரொட்டியும் முதலில் அவருக்கே போயின. மரியாதையைக் கொண்டு ஒரு மனிதரை இவ்வளவு தொலைவில் நிறுத்தலாம் என்று அன்றுதான் கண்டேன். என் மகளின் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை.

பதினோரு மணியளவில், ஒரு சிற்றூரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீருக்காக நிறுத்தினோம். குழந்தைகள் கழிவறையைத் தேடி ஓடினார்கள். இளைய மாப்பிள்ளை தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மாமா, ஒரு கட்டடத்துல லிஃப்ட் மாட்டிக்கிச்சாம். போன் வந்துச்சு. நான் இங்கேருந்து பஸ் பிடிச்சுப் போயிடறேன். பாப்பா உங்களோட வரட்டும், சந்தோஷமா இருக்கா.”

நான் அவருக்கு முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தேன். காலையிலிருந்து அவர் கைப்பேசி ஒரு முறைகூட ஒலிக்கவில்லை.

“போன் எதுவும் வரலையே மாப்பிள்ளை.”

அவர் கைப்பேசியைத் திறந்து என்முன் நீட்டினார். நான் அனுப்பிய அறிவிப்பு: ‘வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நாங்கள் புறப்படுகிறோம். வர இயலுமானால் தெரிவிக்கவும்.’

“சகலைக்கு வந்ததுல ‘நாம் புறப்படுகிறோம்’னு இருந்துச்சு. காலையில வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி பாப்பாதான் ரெண்டையும் வச்சுப் பார்த்துட்டு, ‘ஏம்ப்பா தாத்தா நமக்கு மட்டும் வேற மாதிரி எழுதியிருக்காரு’ன்னு கேட்டா. அவசரத்துல தப்பா எழுதிட்டாரும்மான்னு சொன்னேன்.” பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “ஆனா உங்களுக்குத் தப்பு வராதே மாமா.”

கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. பேசத் தொடங்கும் குழந்தைகூட இதில் தடுமாறுவதில்லை. விரல் தவறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய்யை அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். ஏற்றுக்கொண்டு பேருந்தில் ஏறியும் இருப்பார்.

“தப்பு இல்ல மாப்பிள்ளை. தெரிஞ்சேதான் எழுதினேன்.”

அவர் முகம் மாறவில்லை. “ஏன்னு சொல்லுவீங்களா?”

“ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட்டது நீங்க.”

“போடலேன்னா ஒரு வாரம்கூட தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரே. அப்ப நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“உங்களைக் கேட்டேன். என்ன சொன்னீங்க?”



“உங்க இஷ்டம்னு சொன்னேன்.”

“ஆமா. என் இஷ்டம்னு சொன்னீங்க” என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

பதினான்கு மாதங்களாக நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் கற்பிக்கும் போதெல்லாம், மருத்துவமனையின் அந்த வராந்தாவில் நான் சொன்ன இரண்டு சொற்களை மட்டும் ஒதுக்கிவிட்டே கற்பித்தேன். ஒரு மாணவன் அப்படி வாதிட்டிருந்தால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

நகரத்துக்குப் போகும் பேருந்து ஒன்று நிலையத்துக்குள் திரும்பியது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“உள்ள இருக்கறவங்க எல்லாம், நான்தான் ஒதுங்கிப் போறேன்னு நினைப்பாங்க மாமா. என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் போகணுமா வேணாமான்னு பார்க்கலாம்.”

வண்டியின் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தைகள் கடையில் பிஸ்கட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் மட்டுமே உள்ளே இருந்தார்கள். கையெழுத்தைச் சொன்னேன், ‘உங்க இஷ்ட’த்தைச் சொன்னேன், இருவேறு அறிவிப்புகளையும் சொன்னேன்.

மூத்த மாப்பிள்ளை, கிளப்பியிருந்த என்ஜினை அணைத்தார். என் மனைவி என்னை நெடுநேரம் பார்த்தாள். நாற்பத்தோர் ஆண்டுகளில் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“அவ மட்டும் இப்ப வண்டியில இருந்திருந்தா, உங்களை இங்கேயே இறக்கி விட்டிருப்பா” என்றாள்.

என் மகளைப் பற்றி அன்று பேசப்பட்ட முதல் வாக்கியம் அது. படிக்குக் கீழே, எனக்குப் பின்னால், இளைய மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

“இறக்கி விட மாட்டா அத்தை. பின்னாடியே நடந்து வரச் சொல்லுவா.”

“நடந்து வந்தாலும் இவர் ஓட்டுற வேகத்துக்கு அண்ணன்தான் முதல்ல போய்ச் சேருவாரு” என்று தம்பி முணுமுணுத்தான். முணுமுணுப்பென்று அவன் நினைத்தது கடைவரை கேட்டது.

யாரோ சிரித்தார்கள். என் மூத்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நகரத்துக்குப் போகும் அந்தப் பேருந்து, நிலையத்தைவிட்டு வெளியேறி எங்களைக் கடந்து போயிற்று. அவர் அதில் ஏறவில்லை. பையை வண்டிக்குள் எறிந்துவிட்டு ஏறி வந்தார். என்னைத் தொடாமல், என்னைக் கடந்து, என் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதில் மன்னிப்பு இல்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

வண்டி நகர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

“அத்தை, கல்யாணமான வருஷம் மலைக்குப் போனோமே. வளைவுல அவளுக்கு வாந்தின்னு வண்டியை நிறுத்தினோம், ஞாபகம் இருக்கா?”

“மறப்பேனா? மாசமா இருக்கான்னு நினைச்சு, அன்னைக்கே எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லி, அப்புறம் இல்லேன்னு ஆகி... தலை காட்ட முடியல எனக்கு.”

“வாந்தி வந்தது அவளுக்கு இல்ல அத்தை. எனக்கு.”

“என்னது!”

“புது மாப்பிள்ளை. இவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? அவதான் ஷாலை வாயில பொத்திக்கிட்டு, ‘எனக்கு முடியல, நிறுத்துங்க’ன்னு கத்தினா. என்னைத் துணைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி, பாறைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனா.”

பதினாறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் மனைவி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அந்தக் கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பேத்தி எழுந்து நின்று, “அம்மா பொய் சொன்னாங்களா?” என்று வியந்தாள்.

பத்து ஆண்டுகள் அவள் அதை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியாத என் மகள் ஒருத்தி அந்த மனிதரிடம் இருந்தாள்.

முன்னே குனிந்து, இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, “பாறைக்குப் பின்னாடி என்ன சொன்னா மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால், சொன்னார்.