பலகையில் வராத தகப்பன்

பழங்காலக் கிரேக்கர்களின் லோக்ரி நகரத்துச் சுடுமண் பட்டறைகளில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று உண்டு: அங்கே சுட்டெடுக்கும் மண்பலகையில் தகப்பனை வடிக்கக் கூடாது. பாதாள வேந்தன் கன்னி கோரேயைத் தேரில் தூக்கிச் செல்லும் காட்சியை நூறு விதமாக வடிப்பார்கள். குதிரைகள் வரும், கவிழ்ந்த பூக்கூடை வரும், மகளைக் காணாத துயரில் மண்ணையே தரிசாக்கிய தாய் தெமேத்தரும் வருவாள். தாயைக் கேளாமல் அந்த மணத்துக்குத் தலையசைத்த தகப்பன் சியூஸ் மட்டும் வரமாட்டான். மணப்பெண்கள் கோயிலில் தொங்கவிடும் அப்பலகைகளை வாங்க வருபவர்கள் தகப்பன்மார்தானே.

திமாரெத்தோஸ் இருபது ஆண்டுகளாக அவ்விதிக்குள் நின்றே அச்சு செதுக்கியவன். சென்ற இலையுதிர் காலத்தில், மனைவி பிலைனிஸ் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த பத்து நாளுக்குள், மகள் மிர்த்தோவை மெத்மா ஊர்க் குதிரை வணிகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டான். அவசரத்தில், பலகை செதுக்குபவனின் மகளே பலகை தொங்கவிடாமல் புகுந்த வீடு போனாள். திரும்பி வந்த பிலைனிஸிடம், "அண்ணன் முடிவு பண்ணிட்டாரு, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தான். மறுமாதமே அண்ணன் இறந்ததால் அந்தப் பொய்யை மறுக்க ஆளில்லை. குளிர்காலக் காய்ச்சலில் மிர்த்தோவும் இறந்தாள்.

இப்போது வாதுமை பூத்துவிட்டது. வசந்தந்தோறும் தாயிடம் திரும்பும் கோரே பாதாளத்திலிருந்து மேலேறி வந்துவிட்டாள் என்று ஊர் கொண்டாடியது. ஆண்டுதோறும் அவள் வருகையைச் செதுக்கும் திமாரெத்தோஸின் கை இம்முறை அதற்கு வளையவில்லை. அது வேறொன்றைச் செதுக்கியது.

"யோவ், ஓரத்துல தாடியும் கோலுமா நிக்கிறது யாரு?" பட்டறைக்காரன் சோசிலாஸ் சுட்டெடுத்த பலகையை வெளிச்சத்தில் பிடித்தான்.

"அப்பன்."

"வாங்க வர்றவன்கிட்ட அவன் மூஞ்சியவே விக்கப் போறியா? நல்லா ஓடும்யா யாவாரம்! அச்ச உடைச்சுப் போடு."

"இருக்கட்டும்ணே."

சோசிலாஸ் மேலும் திட்டுவதற்குள் பிலைனிஸ் உள்ளே வந்தாள். மகள் தொங்கவிடாத பலகையைத் தானாவது தொங்கவிட வேண்டும் என்று வந்திருந்தாள். மணப்பெண்களின் தகப்பன்மார் இருவர் ஏற்கெனவே பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சோசிலாஸ் அண்ணே, நீங்களே நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க. இவரு குடுக்கிறதுக்குள்ள அடுத்த வசந்தம் வந்துரும்."

"இந்தாம்மா, பூப்பறிக்கிற கோரே. இத எடுத்துக்க." அவன் மற்றதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"என்னத்தண்ணே ஒளிக்கிறீங்க? காட்டுங்க."

வாங்கிப் பார்த்தாள். தேரை, குதிரைகளை, கவிழ்ந்த கூடையைத் தொட்ட விரல் ஓரத்து உருவத்தில் நின்றது. அவள் முகம் இறுகியது. பின் கணவனை நிமிர்ந்து பார்த்தபோது, குளிர்காலத்துக்குப் பிறகு முதன்முறையாக அதில் கனிவு இருந்தது.

"உங்க அண்ணன்தான? அந்த மூக்கே சொல்லுதே. செத்த மனுசன்னு விடாம வச்சீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

குடும்பத்து மூக்கு அது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அந்தக் கனிவு எஞ்சிய ஆயுளுக்கும் அவனுக்கே. சோசிலாஸ் கண்ணாலேயே கெஞ்சினான்: ஆமான்னு சொல்லிடு.

"அண்ணன் இல்ல பிலைனி," என்றான் திமாரெத்தோஸ். வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. "அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. மெத்மாக்காரன் கேட்டப்ப தலையாட்டினது நான். நீ இருந்தா ஒத்துக்க மாட்டியேன்னுதான் அவசரப்பட்டேன். 'அம்மா வந்துரட்டும்பா'ன்னு மிர்த்தோ கேட்டா. வேணாம்னுட்டேன். இது பெத்த அப்பன். நான்தான்."