இரண்டு பக்கமும் சாக்குக் கழிவு

பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடங்களில் குன்னூர்ப் பக்கம் ஒருவரும் பொய் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. ஆகவே நான் சொல்லப்போவதை அப்படியே நம்பலாம். பறித்தால் கூலிக்குக் கட்டாது என்று ஆறுக்குட்டி தன் தோட்டத்தைத் தொடாமல் விட்டார். செடிகள் மரமாக வளர்ந்து அவருடைய வீட்டை மறைத்துவிட்டன. காலையில் மேயப் போகும் காட்டெருமை சாயங்காலம் திரும்பும்போது அதன் பின்னாலேயே நடந்துதான் வீடு போய்ச் சேர்வார்.

அவர் இலை போட்டுக்கொண்டிருந்த ஃபேக்டரியும் மூடிவிட்டது. அங்கே எடை போட்டவர் சிவகுரு. கூரையில் தொங்கும் வட்டத் தராசு, ஒரே கொக்கி. சாக்கை மாட்டுவார், முள்ளைப் பார்ப்பார், சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழித்துச் சொல்வார். முப்பது காட்டினால் இருபத்தெட்டு. வெயில் காலத்திலும் ஈரம் உண்டு. இருபது வருடம் இதையே செய்ததில், எந்த எண்ணைக் கண்டாலும் அவருக்கு இரண்டு குறைந்துவிடும். மூன்று பிள்ளைகளின் தகப்பன். கேட்டால் ஒன்று என்பார். கல்யாணத்தில்கூட மூன்று முடிச்சில் ஒன்றைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டார். மிச்சம் இரண்டையும் அவர் அக்காதான் போட்டாள். அது எல்லா ஊரிலும் வழக்கம்தானே என்பீர்கள். மற்ற ஊர்களில் காரணம் வேறு.

ஃபேக்டரி மூடியதும் அவலாஞ்சி அணைப் பக்கம் ஒரு காவலர் வேலை இருப்பதாகத் தெரிந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும். சிவகுருவுக்கு அதில் கணக்கு ஒன்றுதான் தேறாமல் நின்றிருந்தது. தேறினால் அவலாஞ்சி, இல்லையென்றால் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனி. அவர் மனைவி வீரம்மா அவருடைய கணக்கின் மேல் இருந்த நம்பிக்கையில் பாத்திரங்களை முன்கூட்டியே மூட்டை கட்டிவிட்டாள்.

என் வர்க்கி பிஸ்கட் கடை மாடியில் தாரிணி என்ற கோயம்புத்தூர்ப் பெண் டுடோரியல் நடத்திக்கொண்டிருந்தாள். சிவகுரு அங்கே சேர்ந்தார். மறுநாளே ஆறுக்குட்டியும் சேர்ந்தார். அவருக்குப் பரீட்சை எதுவும் இல்லை. சிவகுரு விழி பிதுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே வந்தார். படி வழியாக எல்லாம் கீழே கேட்கும் என்பதால் எனக்கும் படிப்பு இலவசம்.

சமன்பாடு என்பது தராசு மாதிரி, இந்தப் பக்கம் எதைச் செய்தாலும் அந்தப் பக்கமும் செய்ய வேண்டும் என்று தாரிணி ஆரம்பித்தாள். தராசுக்கு ஏது இரண்டு பக்கம் என்று சிவகுரு கேட்டார். இருபது வருடம் கொக்கித் தராசோடு வாழ்ந்தவர், நியாயமான கேள்விதான்.

பிறகு கோடு வந்தது. 2x + 3y = 12. y-க்குச் சுழியம் போட்டால் 2x = 12; அதைத் தீர்த்தால், கோடு x அச்சை எங்கே வெட்டுகிறது என்று தெரியும். சிவகுரு மளமளவென்று போட்டு, நாலில் வெட்டுகிறது என்றார்.

"போர்டுல ஆறுல வெட்டுதுங்களேண்ணா."

"அது சாக்கோட சேர்த்துங்க அம்மிணி."

ஆறுக்குட்டி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சாக்கெல்லாம் அவருடையது.

அடுத்து x-க்குச் சுழியம் போட்டு y அச்சுக்குப் போனார்கள். நாலில் வெட்டவேண்டிய கோடு சிவகுருவிடம் இரண்டில் வெட்டியது. ஒரு மாதத்தில் அவர் போட்ட கோடுகள் எல்லாமே சொல்லிவைத்தாற்போல் இரண்டு கட்டம் தள்ளி விழுந்தன. தாரிணி கெஞ்சிப் பார்த்தாள். விடை வந்ததும் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னாள். பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலால் கழித்தார். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். கழிக்காமல் இருக்க முடியாதென்றால் கழியுங்கள். ஆனால் இரண்டு பக்கமும் கழியுங்கள், சமன்பாடு பொய்யாகாது என்றாள். அன்று முதல் விடை ஆறு என்று வந்தால் அவர் x − 2 = 4 என்று எழுதினார். தப்பில்லை. விடையும் இல்லை.

பரீட்சைத் தாளிலும் அப்படியேதான் எழுதினார். திருத்தியவர் ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ரிசல்ட் வந்த அன்று சிவகுரு தனியாகக் குன்னூருக்குப் போய் கம்ப்யூட்டர் கடையில் பார்த்துவிட்டு வந்தார். முப்பத்து மூன்று என்றார். தேற முப்பத்தைந்து வேண்டும். வீரம்மா மூட்டைகளை என் கடை வாசலுக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. அவலாஞ்சி வேலைக்கு ஊட்டியில் விண்ணப்பம் கொடுக்க அன்று சாயங்காலம்தான் கடைசி.

வழியனுப்ப ஆறுக்குட்டி வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், சிவகுருவைப் பார்த்தார். அவருக்கு ஏதோ பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க சிவகுரு, முள்ளு எதுல நின்னுச்சு?"

"முப்பத்தஞ்சுல. சாக்குப் போக முப்பத்து மூணுங்க."

வீரம்மா கையிலிருந்த குடம் கீழே விழுந்து உருண்டது. குன்னூர்ப் பக்கம் எதுவும் விழுந்த இடத்தில் நிற்காது. அதைப் பிடிக்கக்கூட அவள் நகரவில்லை. அவர் எடுத்தது முப்பத்தைந்தேதான் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவர் ஒப்பவில்லை. ஈரத்தோடு எடுத்த மார்க்கைக் காட்டி வேலை வாங்குவது மோசடி என்றார். இருபது வருடத்தில் அவர் மோசடி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

ஆறுக்குட்டி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"செரி, உங்க மார்க்கு முப்பத்து மூணு. பாஸ் மார்க்கு?"

"முப்பத்தஞ்சு."

"அதுக்கும் சாக்குக் கழிங்க."

சிவகுரு எழுந்திருக்கப் பார்த்தார்; ஆறுக்குட்டி தோளை விடவில்லை.

"எங்க பக்கம் மட்டுந்தான் இருவது வருசமாக் கழிச்சீங்க. இன்னிக்கு ஒருக்கா அந்தப் பக்கமும் கழிச்சுப் பாருங்க. ஒண்ணும் ஆகிடாது."

கழித்தார். அவருக்கு முகம் வேர்த்தது. முப்பத்து மூன்றும் முப்பத்து மூன்றும் எதிரெதிரே நின்றன. மேட்டுப்பாளையம் பஸ் வந்து, மூட்டைகளைப் பார்த்து நின்று, காத்திருந்து, கண்டக்டரின் திட்டோடு போய்விட்டது.

அடுத்து வந்த ஊட்டி பஸ்ஸில் ஏறும் முன், மாடியில் இருப்பவர்களுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு வர்க்கி கட்டச் சொன்னார் சிவகுரு. நான் பத்து வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார்.