தாணுவின் பின்னால் வந்த ஐந்து கோல்கள்

கொல்லம் ஆண்டு 1129 மகர மாதத்தில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கொல்லயில் கால்பந்து அணி களியக்காவிளையிடம் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அந்த ஐந்து கோல்களும் கோல்கீப்பர் தாணுவின் பின்னால் அவர் வீட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு இருந்தது. நிறம் கிடையாது. காயும் எண்ணெய்க்கு மேலே காற்று நடுங்குமே, அப்படி நடுங்குவதை வைத்துத்தான் அவை இருப்பது தெரியும். கிட்டே போனால் வைக்கோல் வாசனையும் நனைந்த தோல் வாசனையும் அடித்தன. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வலைக்குள் விழுந்த வரிசை மாறாமல், வரப்பின் மேல் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. அந்த வாரம் பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலையில் மாற்றம் எதுவும் இல்லை.

தாணு தையல்காரர். அந்த வருடங்களில் பாறசாலைத் தையல்காரர்களுக்குச் சட்டையைவிடக் கொடிதான் அதிகம் வந்தது. தாலுகா தமிழர்களோடு சேர வேண்டும் என்றவர்கள் ஒரு துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மலையாளிகளோடு இங்கேயே இருக்க வேண்டும் என்றவர்கள் மறுநாள் வேறொரு துணியோடு வருவார்கள். தாணு இரண்டையும் ஒரே எந்திரத்தில், ஒரே வெள்ளை நூலில் தைத்துக் கொடுத்தார். கொல்லயிலில் ஒரே வீட்டில் இரண்டு கொடியும் இருந்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏலாவில், அதாவது நெல் அறுத்துக் காய்ந்து கிடந்த வயல்வெளியில், எல்லோரும் ஒரே அணிக்காகத்தான் கத்தினார்கள். இரண்டு கமுக மரங்களை நட்டு, மேலே மூங்கில் கட்டி, காரோட்டுக் கடற்கரையில் வாங்கிய பழைய மீன்வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ரசிகர்கள் அந்த வலைக்குப் பின்னால் நிற்பது ஊர் வழக்கம். அன்றைக்கும் நின்றார்கள். ஆட்டம் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில், போன வாரம் யாருடைய ஊர்வலம் நீளம் என்ற பேச்சு வந்தது. ரசிகர்களுக்குத் தலைவரான மாட்டுவண்டிக்காரர் ராஜையா வலையைப் பிடித்து உலுக்கி, "எலே தாணு, நீயே சொல்லு மக்கா, கூடுதல் கொடி தச்சது யாருக்காக்கும்?" என்று கேட்டார். தாணு கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர். திரும்பிப் பதில் சொன்னார். முதல் கோல் அப்போது விழுந்தது. சொன்ன பதிலில் கூட்டத்தில் ஒரு பாதிக்குத் திருப்தி இல்லாததால் மறுபடி கேட்டார்கள். இப்படி ஐந்து முறை.

அன்று மாலை கவலையில், அதாவது முச்சந்தியில், நின்றவர்கள் பந்தில் காற்று கூடிவிட்டது என்றார்கள். காட்டாக்கடையிலிருந்து நடுவராக வந்த பள்ளிக்கூட வாத்தியார் கிட்டப்பார்வைக்காரர் என்றார்கள். நெல் தாள்களை ஒட்ட அறுக்கவில்லை என்று அறுத்தவர்களைத் திட்டினார்கள். ராஜையா மூன்று நாள் வண்டி பூட்டவில்லை. மாடுகளும் துக்கமாக இருப்பதாகச் சொன்னார். தாணு ஏன் ஐந்து முறையும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

தாணு வீட்டு வாசலில் குனிந்து உள்ளே நுழைந்தபோது, பின்னால் வந்த முதல் கோல் கதவின் இரண்டு நிலைக்கால்களையும் கண்டது. கண்டதும் வேகமெடுத்து அவர் தோளை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. வலையில் பந்து விழும் சத்தம் கேட்டது. உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரத்னபாய் இரண்டு கைகளையும் மேலே தூக்கி "கோல்!" என்று கூவினார். கூவ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை; கைகளும் தொண்டையும் தாமாகவே செய்துவிட்டன. மற்ற நான்கும் அடுத்தடுத்து நுழைந்தன. சோற்றுப்பானை கவிழ்ந்தது. ரத்னபாய் கொல்லயிலின் எந்த ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. கறுப்புக் குடையோடு வயலுக்கு வருகிற ஒரே பெண் அவர்தான். "நம்ம டீமுக்கு எதிரா என் வாயாலேயே கோலுன்னு விளிக்க வச்சிட்டியளே!" என்று சொல்லிக்கொண்டே கவிழ்ந்த சோற்றை அள்ளினார்.

மறுநாள் ரேஷன் கடையில் ஐந்து, முடிவெட்டும் கடையில் ஐந்து, கொடி கொடுக்கப் போன இரண்டு வீடுகளில் பத்து. முடிவெட்டுகிறவர் கத்தியோடு கையைத் தூக்கியதில் ஒருவருக்குப் பாதி மீசை போயிற்று. புதன்கிழமைக்குள் கொல்லயில் எண்பத்து மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தது. மூன்று எப்படி வந்தது என்றால், ஒரு வீட்டில் மூன்றாவது கோல் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். களியக்காவிளையின் பெரிய ரசிகன் மோகனன், வாழைக்குலை வியாபாரி, சைக்கிளில் வந்து தாணுவின் பின்னாலேயே சுற்றினான். ஒவ்வொரு வாசலிலும் மணியடித்தான். "ஓய் ராஜையா அண்ணே, எண்பத்தி மூணு! இந்தத் தெருவில இன்னும் எத்தனை வீடு பாக்கி உண்டு?" ராஜையா மாட்டுச் சாட்டையோடு துரத்தினார். சைக்கிள் வேகமாகப் போனது.

கால்பந்துச் சங்கத்தின் கூட்டம் வெளியில் நடந்தது, கதவுள்ள இடத்தில் நடத்த முடியாது என்பதால். தாணு கூரை உள்ள எதற்குள்ளும் முடிந்தவரை போகாமலிருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்; தையல் எந்திரத்தை ஓர் அயனி மரத்தடிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது தீர்மானம்தான் கடினமானது. தாணு கமுகக் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றால், பின்னால் வருகிற ஐந்தும் அங்கேயும் நுழையும். "விசிலுக்கு முந்தியே அஞ்சு பூஜ்யம். பின்னே எதுக்குல நாம பந்து களிக்கணும்?" என்றார் ராஜையா. கோல்கள் போகிறவரைக்கும் தாணு நிற்கக் கூடாது என்று முடிவானது. பாறசாலையில் தையல்காரர்கள் பதினேழு பேர் உண்டு. அந்த மூங்கிலுக்குக் கீழே ஒன்பது வருடமாக ஒருவர்தான் நின்றார். அவருக்குப் பதிலாக, வில்லேஜ் ஆபீஸ் குமாஸ்தா ஜெயச்சந்திரனை, உயரமானவர் என்ற ஒரே காரணத்துக்காக, நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் முழுதும் தாணு வீட்டுக்கு வெளியே படுத்தார். எட்டாம் நாள் ரத்னபாய் வாசலில் வந்து நின்று, "முதுகைக் காட்டிட்டு உள்ள வாறியளே, அதாக்கும் குற்றம். திரும்பி நின்னுட்டு வாருங்க. நீங்க கோல்கீப்பர்தானே?" என்றார். இதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. தாணு எழுந்து, வீட்டுக்கு முதுகும் வெளிக்கு முகமுமாக, நிலைக்கால்களுக்கு நடுவில் கைகளை விரித்து நின்றார். ஐந்தும் பின்வாங்கி, மாமரத்தடிவரை போய், அங்கிருந்து வந்தன. அன்று ஐந்தும் நுழைந்துவிட்டன. ஆனால் இரண்டாவது கோல் அவர் விரல்நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. விரல் சுட்டது. அந்தச் சூட்டோடு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அதிலிருந்து தாணு எந்த வாசலிலும் திரும்பி நின்றுதான் நுழைந்தார். ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்ததோ அப்படியே வரும். முதலாவது நேராக, ஆள் நெஞ்சுக்கு. இரண்டாவது தலையால் முட்டியது, ஆகவே உயரத்தில். மூன்றாவது நம் ஆளின் தொடையிலேயே பட்டுத் திரும்பியது. அதற்குக் கடைசிவரைக்கும் வெட்கம் போகவில்லை. நாலாவது கை எட்டாத ஓரத்தில், கம்பத்தையொட்டி. ஐந்தாவது சிறியது, அவசரமே இல்லாதது, தரையோடு உருண்டு இரண்டு காலுக்கும் நடுவில் வரும். பிடிபட்ட கோல் செருப்பைப் போல வாசலுக்கு வெளியிலேயே கிடந்து, தாணு திரும்பும்போது கூடப் போகும். இதைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலையில்லாத வீடுகளிலும் அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். கல்யாண வீடுகளில், மாப்பிள்ளை வருவதற்கு முன் தாணு வர வேண்டும் என்றார்கள். உள்ளே அவருக்குப் பின்னால் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ராஜையா தன் வாயைத் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டாலேயே கட்டிக்கொள்வார்.

அந்த வருடங்களில் நடந்த துயரங்கள் வேறு நூல்களில் உண்டு. தடையுத்தரவு வந்து, ஐந்து பேர் கூடினால் குற்றம் என்றானது. 1130இல் அதனால் ஆட்டமே நடக்கவில்லை. ஒரு நாள் தனியாக வந்துகொண்டிருந்த தாணுவைக் கான்ஸ்டபிள் ஒருவர் நிறுத்தி, பின்னால் நடுங்கிய காற்றைக் கைவிரலால் எண்ணி, "ஒண்ணும் அஞ்சும் ஆறு. இது கூட்டமாக்கும்" என்று அழைத்துப் போனார். லாக்கப் வாசலிலும் தாணு திரும்பி நின்றார். இரண்டைப் பிடித்தார். மற்ற மூன்றுக்கும் நிலையத்திலிருந்த அத்தனை பேரும், உள்ளே இருந்த இரு கட்சி ஊர்வலக்காரர்களும், கைதூக்கிக் கூவினார்கள். சாயங்காலமே விட்டுவிட்டார்கள். 1131 மகரத்தில் மறுபடி பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஜெயச்சந்திரன் ஏழு கோல் விட்டார். அந்த ஏழும் மற்ற எல்லாக் கோல்களையும்போல, அடித்தவர்களோடு போய்விட்டன. ஜெயச்சந்திரனுக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு.

பிறகு மாநிலங்களுக்கு நடுவில் எல்லை வந்தது. களியக்காவிளை தமிழர்களோடு அந்தப் பக்கம், கொல்லயில் இந்தப் பக்கம் என்று முடிவாகி, சாலையின் இரண்டு ஓரத்திலும் கல் நட்டார்கள். அலமாரி, நாற்காலி, ஆவணங்கள் எல்லாம் இரண்டு மாநிலத்துக்கும் பங்கிடப்பட்டபோது, ஜெயச்சந்திரன் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: அடித்த கால்கள் விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்தவை, விழுந்த வலை நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது, ஐந்து கோல்கள் எந்த மாநிலத்துக்கு? பதில் வரவில்லை. ராஜையா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோல்களை அவற்றின் ஊரில் கொண்டு விட்டால் தாணு திரும்ப நிற்கலாமே என்று, மேளத்தோடு ஊரே எல்லைவரை போனது. தாணு சலவைச் சட்டை போட்டிருந்தார். இரண்டு கல்லுக்கும் நடுவில் அவர் அந்தப் பக்கம் நடந்தார், ஐந்தும் நுழைந்தன, இரண்டு மாநிலத்து ஆட்களும் கை தூக்கினார்கள். அங்கே அவற்றை விட்டுவிட்டு அவர் ஓடிவந்தார். ஐந்தும் பின்னாலேயே ஓடிவந்து இந்தப் பக்கம் நுழைந்தன. மறுபடி எல்லோரும் கை தூக்கினார்கள். நான்கு முறை முயன்றார்கள். "இதுகளுக்கு எங்க ஊரே மறந்து போச்சு" என்றான் மோகனன், உண்மையிலேயே வருத்தமாக. மேளம் அடிக்காமல் திரும்பினார்கள். "மூணு வருசமா நம்ம வாசல்ல கிடக்குது. இனி எங்க போவும்?" என்றார் ரத்னபாய்.

1132 மகரத்தில் களியக்காவிளையோடான முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், தாணு தானாகவே சங்கக் கூட்டத்துக்கு வந்தார். அவர் கூட்டத்தில் பேசியது அந்த ஒரு முறைதான். "நாலைப் பிடிச்சுக்குவேன். அஞ்சாவதை என்னால பிடிக்க முடியல்ல, இனியும் ஒக்காது. அந்த ஒண்ணோட என்னைய நிப்பாட்டுவியளா?" ஜெயச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ராஜையா எழுந்தார். "அந்த அஞ்சும் இவன் விட்டதில்ல. நாம பின்னால நின்னு கேள்வி கேட்டு விட வச்சதாக்கும். நான்தான் முதல்ல கேட்டது." மூன்று வருடமாக எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம் அது. சொன்னதும் ராஜையா உட்கார்ந்துவிட்டார். ஜெயச்சந்திரன் தன் கையுறைகளை எடுத்துத் தாணுவின் மடியில் வைத்தார்.

ஆட்டத்தன்று கால் மணி நேரம் முன்பே தாணு கம்பங்களுக்கு நடுவில் போய், வயலைப் பார்த்து நின்றார். ஐந்தும் நடுக்கோட்டுவரை விலகிப் போய் வந்தன. முதலாவதை நெஞ்சோடு பிடித்தார். இரண்டாவதை மூங்கிலுக்கு மேலே தட்டினார். வெட்கப்படுகிறதை அள்ளி ஓரமாக வைத்தார். நாலாவதற்கு முழு நீளமும் பறக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது உருண்டு வந்து, அவர் குனிந்து காத்திருக்க, காலிடுக்கில் நுழைந்து வலைக்குப் போனது. வலைக்குப் பின்னால் வாய்மூடி நின்றிருந்த கொல்லயில் ரசிகர்கள் அத்தனை பேரும் கைகளைத் தூக்கி, ரத்னபாய் குடையையும் சேர்த்துத் தூக்கி, தங்கள் அணிக்கு எதிராக "கோல்!" என்று கூவினார்கள். காட்டாக்கடை வாத்தியார் நோட்டுப் புத்தகத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு விசில் ஊதினார்.

அதற்குப் பிறகு களியக்காவிளைக்காரர்கள் தொண்ணூறு நிமிடமும் கம்பங்களை நோக்கி அடித்தார்கள். மூன்று வருடம் வாசல்களில் நின்றவருக்கு அந்தப் பந்துகள் விருந்தாளிகள் வருவதுபோல மெதுவாக வந்தன. தாணு ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை. கொல்லயில் முன்வரிசைக்கும் கோல் அடிக்கத் தெரியவில்லை. பருவத்தின் முதல் ஆட்டத்தில் கொல்லயில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. தோற்றதும் ராஜையா வண்டி நிறையக் கொண்டு வந்திருந்த வெடியைக் கொளுத்தினார். தாணுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலை நான்கு சுற்று சுற்றினார்கள். ஐந்து கோல்களும் பின்னால் சுற்றின. மோகனன் நடுவில் வந்து நின்று, "ஓய், தோத்தது நீங்களாக்கும்!" என்று கத்தினான். "தெரியும்ல. நீங்க இண்ணைக்கு எத்தனை அடிச்சிய?" என்றார் ராஜையா. மோகனன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அவனும் ஒரு வெடி வாங்கிக் கொளுத்தினான்.

தாணு இன்னும் பதினான்கு வருடம் நின்றார். கொல்லயில் எல்லா ஆட்டத்தையும் ஒரு கோல் பின்தங்கித்தான் தொடங்கியது. பாதிக்குமேல் ஜெயிக்கவும் செய்தது. மற்ற ஊர் அணிகள் இதை மழையையும் சகதியையும்போல ஆட்டத்தோடு வருகிற ஒன்றாக எடுத்துக்கொண்டன. நோட்டீசிலும் அப்படியே அச்சடித்தார்கள்: கொல்லயிலின் கோல் மூன்றே முக்கால் மணிக்கு, ஆட்டம் நான்கு மணிக்கு. மூன்றரைக்குள் வந்து சேராதவர்களுக்கு வலைக்குப் பின்னால் இடம் கிடைப்பதில்லை.